வரலாற்றுப் பாடத்தை விலைக்கு வாங்காதீர்கள்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்களுக்கு,

வரும் ஜூனில் தொடங்கும் ஆண்டுக்கு என்ன பாடம், எந்தப் புத்தகம் என்று இப்போது நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் எப்படியோ வழி கண்டுபிடித்துவிடுகிறீர்கள். வரலாறு என்றதும்தான் தடுமாறுகிறீர்கள். நமக்கே அது மனப்பாடப் பாடமாகத்தான் வந்தது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது என்ற பயம் உங்களில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டுதான் புத்தகம், படம், காணொளி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஆண்டுக்கட்டணம் சொல்லி விற்க வருகிறார்கள். அப்படி ஒரு தொகுப்பு வாங்க வளையலை அடகு வைக்கலாமா என்று அண்மையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வைக்காதீர்கள். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அந்தப் பெட்டிகளில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அச்சு அழகாக இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டு எகிப்தும் கிரேக்கமும் ரோமும், அடுத்த ஆண்டு ஐரோப்பிய அரசர்களும் கோட்டைகளும், அதற்கடுத்து அமெரிக்கக் குடியேற்றம், கடைசியில் உலகப் போர்கள் என்று நான்கு ஆண்டுச் சுழற்சி ஓடுகிறது. வேறொரு நாட்டுப் பிள்ளைக்காக, அந்த நாட்டுப் பெற்றோர் அக்கறையோடு போட்ட திட்டம் அது. அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அதையே செங்கல்பட்டிலும் திண்டுக்கல்லிலும் இருக்கும் பிள்ளைக்கு அப்படியே கொடுத்து, இந்தியாவுக்கு இரண்டு அத்தியாயம், அதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு கோயில் படம் என்று முடித்துவிட்டு, அதற்குப் பெரும் பணமும் கட்டச் சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது. தன் ஊர் ஏரியை யார் வெட்டினார்கள் என்று கேட்கத் தோன்றாமல் ஒரு பிள்ளை வளர்ந்தால், அதை வீட்டில் வைத்துப் படிக்கவைத்து நாம் என்ன சாதித்தோம்?

ரோம் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இங்கே செய்த மணிகள் கடல் தாண்டிப் போயின. ரோமானியக் காசுகளைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். ரோமை நம் கரையிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். தன் ஊர் மணி அங்கே ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்திருக்கலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு ரோமாபுரி யாருடைய ஊரோ அல்ல.

இனி ஆண்டுத் திட்டத்துக்கு வருகிறேன். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வயதுக்குத் தக்கபடி நீங்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அடிப்படை நூலுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்பு நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் பிரதி வேண்டுமென்றாலும் மலிவுதான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நூல்களிலிருந்து பிள்ளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பு வரலாற்று நூலை நீங்கள் படியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. பிள்ளைக்கு ஒரு பக்கம் சொல்லித்தர நமக்கு ஐந்து பக்கம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஐந்து பக்கம் அங்கே இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் இலவசம். வட இந்தியாவுக்கும் உலகத்துக்கும் அவை துணை செய்யும்.

கூடவே சுவரில் ஒரு காலக்கோடு. பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒன்றோடொன்று ஒட்டினால் போதும். ஒரு நூற்றாண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வையுங்கள். கீழடியிலிருந்து இன்று வரை இரண்டரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1947க்குப் பிந்திய காலம் முழுவதும் கடைசி எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இதைப் பிள்ளையே ஸ்கேல் வைத்து அளந்து கோடு போடட்டும். ராஜராஜனும் கட்டபொம்மனும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள் என்ற குழப்பம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. நடுவில் கிடக்கும் எண்பது சென்டிமீட்டரைக் கையால் தடவிப் பார்த்த பிறகு அந்தக் குழப்பம் வராது.

ஜூன் மாதத்தை வீட்டிலிருந்து தொடங்குங்கள். அலமாரியிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய பத்திரம் ஒன்று நிச்சயம் கிடக்கும். நிலமே இல்லாத குடும்பமென்றால் ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, அடகுச் சீட்டு, எதுவாயிருந்தாலும் சரி. எங்கள் வீட்டில் 1940களின் கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. முத்திரைத் தாளின் தலையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம். விலை ரூபாய், அணா, பைசாவில். பெயர்களுக்குப் பின்னால் தவறாமல் சாதி. நாலெல்லை எழுதிய இடத்தில் வடக்கே ஓடை என்று இருக்கிறது. இன்று அங்கே ஓடை கிடையாது. வாங்கியவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விற்ற பெண்மணி கைநாட்டு வைத்திருக்கிறார். இதை மேசையில் விரித்து வைத்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. கேள்விகள் தாமாக வந்தன. யார் இந்த ராஜா, நம் பத்திரத்தில் அவருக்கு என்ன வேலை? ஒரு ரூபாய்க்கு ஏன் பதினாறு அணா, எப்போது நூறு பைசாவாக மாறியது? அந்த அம்மாளுக்கு ஏன் எழுதத் தெரியவில்லை? சாதியை ஏன் எழுதினார்கள்? ஓடை எங்கே போயிற்று? ஐந்து கேள்விகள், ஐந்து வாரம். 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்ததிலிருந்து பெண்கல்வி வரைக்கும் அந்த ஒரு தாள் கூட்டிக்கொண்டு போனது. இதை எந்தப் பெட்டியிலும் போட்டு யாராலும் விற்க முடியாது.

ஜூலை, ஆகஸ்டில் பழங்காலத்துக்குப் போகலாம். கீழடியில் 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை 2017-18 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்கிறது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். போய்ப் பார்ப்பது நல்லது. ஆனால் "எவ்வளவு பழையது" என்ற ஒற்றை எண்ணோடு திரும்பிவிடாதீர்கள். 2019இல் வெளியான அறிக்கையில் பொ.ஆ.மு. 580 என்ற காலம் எப்படி வந்தது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரியை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கணித்த காலம் அது. ஆழம் ஏன் முக்கியம், கரியிலிருந்து காலம் எப்படித் தெரிகிறது, பானையில் பெயர் கீறியவர் யாராக இருந்திருப்பார் என்று பேசுங்கள். ஆய்வாளர்களுக்குள் காலத்தைப் பற்றி வாதம் நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல்லாயிரம் ஆண்டுப் பெருமை பேசி நம் கைப்பேசிக்கு தினமும் வந்து விழும் செய்திகளைப் பார்த்து "இதை எங்கே தோண்டினார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள்?" என்று கேட்கும் பழக்கம் இந்த இரண்டு மாதத்தில் வந்துவிட்டால் ஆண்டுச் செலவு முழுவதும் வசூலாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரும் அக்டோபரும் கல்வெட்டுக்கு. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் நாட்டில் ஏழைப் பெற்றோருக்கும் பணக்காரப் பெற்றோருக்கும் சமமாகக் கிடைக்கும் பெருஞ்செல்வம் கல்வெட்டுதான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919, மற்றது 921. முப்பது குடும்புகள் (இன்றைய வார்டு போல), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் செய்வது, இதெல்லாம் பாடநூலிலேயே இருக்கிறது. "அந்தக் காலத்திலேயே நமக்கு ஜனநாயகம்" என்று சொல்லி முடித்துவிடுவதும் வழக்கம். அங்கே முடிக்காதீர்கள். தகுதிப் பட்டியலை ஒரு தாளில் எழுதவையுங்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: நம் தெருவில் யார் யார் நின்றிருக்க முடியும்? அம்மா? பாட்டி? கீரை கொண்டுவரும் அக்கா? கணக்குக் காட்டாதவரை விலக்கிய அந்தக் கறார்த்தனத்தைப் பாராட்டவும், பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தில் உழுதவனுக்கு இடமில்லை என்பதைப் பார்க்கவும் ஒரே பாடத்தில் முடியும். இன்னொன்று. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60, இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? இதற்கு நிச்சயமான விடை கிடையாது. பிள்ளை தன் ஊகத்தைக் காரணத்தோடு எழுதட்டும். வரலாற்றாசிரியர் செய்யும் வேலையும் அதுதான்.

பொன்னியின் செல்வனில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் அந்த நாவலும் இலவசம். படிக்கட்டும், தடுக்காதீர்கள். படித்து முடித்ததும் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரம் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டைக் காட்டுங்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களைச் சொல்லி, அவர்கள் நிலம் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது. கல்லில் இருப்பது எவ்வளவு, கல்கி கற்பனையில் கட்டியது எவ்வளவு என்று இரண்டு பத்தி போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து செய்வார்கள்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய தொகுதிகளில் மூலம் தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் உங்கள் மாவட்டத்துக்கானதைத் தேடிப் பாருங்கள். உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு அச்சாகியிருந்தால், அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரில் போய் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து தெளிவாகத் தெரியும். மாவோ சுண்ணாம்போ சாக்பீஸோ பூச வேண்டாம். கல் கெட்டுப்போகும்.

நவம்பர், டிசம்பர் மழையில் பயணம் வேண்டாம், வீட்டில் படிப்புதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. கப்பல் வந்தது, யாருக்கு என்ன வெகுமானம் போனது, தெருவில் என்ன வதந்தி என்று அந்தக் காலத்தை அன்றன்றைக்கு எழுதிவைத்திருக்கிறார். நடை பழையது, உரக்கப் படித்துக்காட்டினால் பிடிபடும். அடுத்து, ஏறக்குறைய ஒரே வயதுடைய இருவரின் வாழ்க்கையைச் சேர்த்துப் படியுங்கள். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்த நாட்களைச் சொல்கிறார். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட சின்னஞ்சிறு தன்வரலாற்றில், கோயம்புத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கி நின்றதைச் சொல்கிறார். ஒரே மாகாணம், ஒரே தலைமுறை, இரண்டு பள்ளிக்கூடங்கள். இதைச் "சின்னப் பிள்ளைக்கு எதற்கு" என்று தாண்டிப்போகாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டுக்குள் வைத்துப் படிக்கவைக்கும் நமக்குப் பிடிக்காததை விட்டுவிடும் வசதி அதிகம். அந்த வசதியை இங்கே பயன்படுத்தக் கூடாது.

ஜனவரி, பிப்ரவரியில் வெயில் ஏறுமுன் ஒரு வரலாற்று இடத்தைப் பார்த்துவிடுங்கள். வட மாவட்டத்தவருக்கு 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த வேலூர்க் கோட்டை. தெற்கே இருப்பவர்களுக்குக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறும், 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூரும், 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய தூத்துக்குடியும் பக்கம். சென்னைக்காரர்கள் தினமும் பார்க்கும் பக்கிங்ஹாம் கால்வாயையே பாடமாக்கலாம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தாது வருஷப் பஞ்சத்தில் 1877-78இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கூலிக்குப் பட்டினியோடு மண் சுமந்தவர்களின் வேலை அது.

மார்ச் மாதம் தாத்தா பாட்டிகளுக்கு. 1964 தனுஷ்கோடிப் புயல், 1965 மொழிப் போராட்டம், 1969 பொங்கலன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது, நெருக்கடி நிலை, சத்துணவு, ஊருக்குக் கரண்ட் வந்த நாள், இவற்றில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுப் பதிவுசெய்து, பிள்ளையே எழுத்தில் இறக்கட்டும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேரிடம் கேளுங்கள். இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொல்லமாட்டார்கள். அதைப் பற்றியும் எழுதட்டும்.

செலவு? மத்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது. ஏப்ரல் 18 உலக மரபு நாளில் பெரியவர்களுக்கும் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எந்நாளும் இலவசம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தாய்க்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சொற்பக் காசுதான். மிஞ்சுவது ஜெராக்ஸ், ஒரு கட்டு நோட்டு, வெளியூர்ப் பஸ், வழியில் சாப்பாடு. எங்கள் வீட்டில் ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாயைத் தாண்டியதில்லை, அதில் பாதி பஸ்ஸுக்கு.

பரீட்சைக்கு இது போதுமா என்று கேட்பீர்கள். பதினான்கு வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதலாம். அதன் பாடப்புத்தகங்களும் இணையத்தில் உண்டு. தேர்வுக்கு முந்தைய ஆண்டில் அதைத் தனியாக எடுத்துப் படித்தால் சரியாகிவிடும். பதினொரு வயதிலேயே அந்தக் கவலையைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். எனக்குத் தகுதியில்லையே என்று தயங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1930 முதல் 1933 வரை, நூலக வசதியில்லாத சிறைகளிலிருந்து ஒரு தந்தை மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாகவே எழுதினார். நேரு வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். தெரிந்ததைப் படித்து, யோசித்து, மகளிடம் பேசினார். நமக்கு நூலகமும் இருக்கிறது, பிள்ளையும் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைசியாக என் மனக்குறையையும் கேட்டுவிடுங்கள். நம்மில் நன்றாகப் பாடம் தயாரித்தவர்கள் சிலர், அடுத்த ஆண்டே அதற்கு விலை வைத்துவிடுகிறார்கள். உழைப்புக்குக் கூலி கேட்பது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் பொதுச் சொத்தான கல்வெட்டையும் நாட்டுடைமையான நூலையும் வைத்துச் செய்த பாடத்தை, பள்ளிக்கட்டணம் கட்ட முடியாமலோ பள்ளியில் பிள்ளை நொந்துபோனதாலோ இந்த வழிக்கு வந்த குடும்பங்களிடம் ஆயிரக்கணக்கில் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்கல்வி வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஊர் பேசுவதை நாமே மெய்யாக்குகிறோம்.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு மாதப் பாடம் எழுதுங்கள். உங்கள் ஊர், அல்லது பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய இடம். அங்கே பார்க்க வேண்டியது ஒன்று, படிக்க வேண்டிய மூலம் ஒன்று, அது கிடைக்கும் இடம், பிள்ளையிடம் கேட்க நான்கு கேள்விகள், எந்த பஸ், என்றைக்கு விடுமுறை, மொத்தம் எவ்வளவு ஆகும். இவ்வளவுதான் வேண்டும். தர்மபுரிக்காரர் நடுகற்களை எழுதட்டும். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலிருப்பவர் 1620இன் டேனியர் கோட்டையையும் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தையும் எழுதட்டும். கீழ்வெண்மணிக்குப் போய்வந்தவர் 1968 படுகொலையை எழுதட்டும். பத்துக் குடும்பங்கள் எழுதினால் ஓர் ஆண்டுப் பாடம் தயார். அதற்கு விலை வைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தமிழில் எழுதுங்கள், ஆங்கிலம் படிக்க வராத தாய்மார்களும் இதை எடுத்துச் சொல்லித்தர வேண்டும். தட்டச்சு தெரியாவிட்டால் நோட்டில் கைப்பட எழுதிப் படம் பிடித்து உங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களுக்கு அனுப்புங்கள், அவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்பட்டும். மே முடிவதற்குள் வந்து சேர்ந்தால், ஜூனில் தொடங்குகிறவர்கள் யாரும் கடன் வாங்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்களைப் போலவே வீட்டில் பாடம் சொல்லித்தரும் ஒரு தாய்